துறைமுகத்தடியில் லொறிக்கூலி

உளி ஒன்றுக்கு இப்போது இரண்டு விலை சொல்கிறார்கள். ஒன்று உளியின் விலை. மற்றது அதை வீடு கொண்டுவந்து சேர்க்கிற விலை. கிண்ணியாவில் தச்சுப்பட்டறை வைத்திருக்கிற நானா ஒருவர் அண்மையில் தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டி, "சேர், இதக் கொஞ்சம் வாசிச்சுப் பாருங்க. டிலிவரி சார்ஜெண்டு உளிட விலையில காவாசி போட்டிருக்கான்" என்றார். வாசித்துப் பார்த்தேன். கால்வாசி அல்ல, அதைவிடவும் கொஞ்சம் கூட. ஓர் அங்குல உளி. காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறலாம்.

இந்தக் கதையைப் பதுளையில் கேட்டால் பொறுத்துக்கொள்வேன். மொனராகலையில் கேட்டாலும் சரி. திருகோணமலையில் இருந்துகொண்டு கேட்கிறபோதுதான் மனம் ஆறுவதில்லை. எத்தனை பெரிய கப்பலும் புயலுக்கு அஞ்சாமல் வந்து ஒதுங்கக்கூடிய துறைமுகம் எங்கள் வாசலில் கிடக்கிறது. பிறீமா ஆலைக்குக் கோதுமை வருகிறது. டோக்கியோ சீமெந்துக்கு அரைக்கக் கட்டி வருகிறது. சீனன்குடாவில் எண்ணெய் இறங்குகிறது. எங்கள் உளி மட்டும் கொழும்பில் இறங்கி, லொறி ஏறி, ஹபரணைக் காட்டைக் கடந்து, யானை வீதியை மறித்தால் அதற்கும் நின்று, இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் தரைவழியாக வருகிறது. கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கூலி மலைநாட்டுக் கூலி.

எப்போதும் இப்படித்தானா என்று பிள்ளைகள் கேட்டால் அப்பாவின் காலத்திலிருந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பா டொக்யாட்டில் தச்சுப் பகுதியில் வேலை செய்தவர். பிரித்தானியக் கடற்படையின் கிழக்கிந்தியப் படையணி இங்கு தங்கியிருந்த காலம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான்காரன் குண்டு போட்ட அன்று அப்பா பொடியன். கன்னியாப் பக்கம் ஓடி ஒளித்த கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு தடவையும் விமானங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டு போகும். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது போர் முடிந்துவிட்டது. ஆனாலும் டொக்யாட்டுக்கு வேண்டிய ஆயுதமெல்லாம் இங்கிலாந்திலிருந்து நேரே துறைமுகத்துக்குக் கப்பலில் வந்தது. ஷெபீல்டில் செய்த ரெக்கோட் வைஸ், மார்பிள்ஸ் உளி, பேர்மிங்ஹாமில் செய்த ரபோன் மடக்குக்கோல். இந்தப் பெயர்களை நாங்கள் சாமிப் பெயர்களோடு சேர்த்துப் பாடமாக்கினோம். நடுவில் கொழும்பு என்று ஓர் ஊர் இல்லை. கப்பல் வந்தால் சாமான் வந்தது, அவ்வளவுதான்.

1957 ஒக்டோபர் 15ஆம் திகதி தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டு வெள்ளைக்காரர் கொடியை இறக்கினார்கள். நாட்டுக்கு அது பெருமையான நாள். எங்கள் வீட்டுக்கு அப்பாவின் சம்பளம் நின்ற நாள். எங்கள் தெருவில் எங்களைப் போல இன்னும் பல வீடுகள். அப்பா வீட்டுக் கோடிப்புறத்தில் கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டு வள்ளம் திருத்தத் தொடங்கினார். அந்தக் கொட்டிலில் பாலை மரக்குற்றி ஒன்றின்மேல் பூட்டியிருந்த வைஸின் முதுகில், அம்பு நுனி மாதிரி மூன்று கோடு வெட்டியிருக்கும். அது அரசாங்கச் சொத்துக்கு வெள்ளைக்காரன் போடுகிற அடையாளம் என்று நான் படித்தறிந்தது வெகு காலம் கழித்து. அந்த வைஸ் எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று அப்பாவிடம் ஒருவரும் கேட்டதில்லை. நானும் இனிக் கேட்பதாயில்லை.

டொக்யாட் போனபிறகுதான் ஆயுதம் வாங்குவது எங்கள் பாடாயிற்று. அப்போதும் ஒரு முறை இருந்தது. கொழும்பில் பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடையொன்று விலைப்பட்டியல் அச்சடித்து அனுப்பும். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ஒவ்வொரு பக்கமாக வாசிப்பார். பென்சிலால் கோடு போடுவார். கோடு போட்ட பத்தில் ஒன்பதை அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அழிப்பார். எஞ்சிய ஒன்றுக்குக் கடிதம் எழுதுவார். சின்னச் சாமான் என்றால் வி.பி.பி. தபாற்கந்தோரில் காசைக் கட்டிவிட்டுப் பாசலை எடுக்க வேண்டியது. பெரிய சாமான், பாரச் சாமான் என்றால் ரயில்.

ரயில் பாசல் கந்தோரின் மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது. கருவாடு, சாக்கு, மண்ணெண்ணெய், மாம்பழம், புகையிலை எல்லாம் கலந்த மணம். 1927இல் கல்லோயாச் சந்தியிலிருந்து திருகோணமலைக்கு இருப்புப் பாதை போட்டதே துறைமுகத்தை நினைத்துத்தான். கப்பலில் வந்ததை உள்நாட்டுக்கு ஏற்றிப்போகப் போட்ட பாதையில், நாங்கள் உள்நாட்டிலிருந்து சாமானை இறக்கிக்கொண்டிருந்தோம். இரவு மெயில் விடிய வந்து நிற்கும். கடைசிப் பெட்டியின் கதவு திறக்க, காட் இறங்குமுன் சாக்குகள் இறங்கும். கந்தோர்க்காரர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, தடித்த கொப்பியில் ஊதாத் தாள் வைத்து எழுதுவார். அப்பா அனுப்பின துண்டை நான் நீட்டினால், துண்டைப் பார்க்காமலே, "ஆர், வள்ளத்து மேசனாற்ற பொடியனோ? இரும்புச் சாமான் ஒண்டு வந்து கிடக்குது, தூக்குவியோ?" என்பார். தச்சரை மேசன் என்று சொல்லக்கூடாது என்று எனக்குக் கோபம் வரும். ஆனால் அவரிடம் கோபிக்க முடியாது. சொன்ன நாளுக்குள் எடுக்காவிட்டால் டெமறேஜ் போடுவார். அப்பாவின் பாசலுக்கு ஒருநாளும் போட்டதில்லை. அந்தக் கணக்கு எந்தக் கொப்பியிலும் இல்லை.

கூலி எவ்வளவு என்று அப்போது வீட்டில் ஒருவரும் பெரிதாகப் பேசியதாக நினைவில்லை. சாமான் தட்டுப்படுவதுதான் பேச்சாயிருந்தது. கொண்டுவருகிற செலவு சாமானின் விலைக்குள் கரைந்து போகிற அளவுக்குச் சிறிதாயிருந்தது.

வெளிநாட்டுப் பாசலும் ஒன்று வந்தது. அப்பாவுக்கு மேலாளாயிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் போர்ட்ஸ்மவுத்துக்குப் போனபிறகும் நத்தாருக்குக் கடிதம் போடுவார். வள்ளத்துக்குக் கலப்பத்து அடிக்கிற உளி இங்கே கிடைப்பதில்லை என்று அப்பா எழுதியிருக்கிறார், யாசிக்கிற தொனி வராமல் எழுத மூன்று நாள் எடுத்தார் என்று அம்மா சொல்வா. அந்த மனிதர் கடல் தபாலில் இரண்டு உளி அனுப்பினார். வந்த பாசலை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கித்தான் துணியில் சுற்றி, பாய் தைக்கிற நூலால் சுற்றிவரத் தைத்து, தையல் முடிச்சின்மேல் சிவப்பு அரக்கு வைத்திருந்தது. முகவரியைத் துணியின்மேல் மையால் எழுதியிருந்தார். அப்பா கத்தியால் வெட்டவில்லை. ஊசிமுனையால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நூலைச் சுற்றி வைத்துக்கொண்டார், துணி பின்னால் எங்கள் பள்ளிக்கூடப் பையாயிற்று.

அந்தப் பாசல் வர வழக்கத்துக்கும் மேலாகச் சுணங்கியது. 1967 ஜூனில் சுயஸ் கால்வாய் அடைபட்டது. அதிலிருந்து 1975 ஜூன் வரைக்கும் இங்கிலாந்துக் கப்பல் ஆபிரிக்காவை முழுக்கச் சுற்றி நன்னம்பிக்கை முனையால்தான் வந்தது. எங்கள் தெருவில் கால்வாய்ச் சண்டையைப் பற்றி அக்கறைப்பட்ட ஆள் அப்பா ஒருவர்தான். பத்திரிகையில் எகிப்து என்று கண்டால் முதலில் அதைத்தான் வாசிப்பார். நாசர் நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் அவருக்கு உளி வருமா வராதா என்பதில் இருந்தது. 2023 கடைசியில் ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கி, கம்பனிகள் மறுபடியும் நன்னம்பிக்கை முனையால் கப்பலைத் திருப்பியபோது நான் அப்பாவைத்தான் நினைத்தேன். ஐம்பது வருடம் கழித்தும் அதே சுற்று, அதே சுணக்கம். ஒரு வித்தியாசம்: அன்று சுணக்கத்தை மட்டும் அறிந்தோம், இன்று அதற்குரிய காசையும் நாங்களே கட்டுகிறோம்.

எழுபதுகளைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. 1970இலிருந்து 1977 வரை இறக்குமதி இறுகிப்போயிருந்தது. வெளிநாட்டு ஆயுதம் என்று கடையில் ஒன்றும் கண்ணில் படாது. கூலி கூடவா குறைவா என்ற பேச்சுக்கே இடமில்லை, கொண்டுவரச் சாமான் இல்லையே. அந்த நாளில் ஊர்க் கொல்லன் பட்டறைக்கு ஒரு மவுசு வந்தது. பழுதான லொறியின் வில்லுத்தகட்டை வெட்டி, உலையில் காய்ச்சி, அடித்து, எண்ணெயில் தோய்த்து உளி செய்து கொடுப்பார்கள். நல்ல உளி. மரத்தில் ஓடும். ஒரு குறை, கொஞ்சம் பாரம், மாலையானால் மணிக்கட்டு நோகும். தேய்ந்த அரத்தைக் கூட எறிய மாட்டார்கள், அதுவும் உலைக்குப் போய்க் கத்தியாகத் திரும்பும். ஷெபீல்டின் பெயரைச் சொல்லி வளர்ந்த நான் அந்த உளிகளைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்தவன்தான். அப்பா பார்க்கவில்லை.

துறைமுகத்துக்குள்ளேயே இன்னொரு போக்குவரத்து இருந்தது. மூதூர் லோஞ்ச். காலையில் மூதூரிலிருந்து தயிர்ச்சட்டியும் நெல்லும் விறகும் ஆட்களும் வரும். திரும்பிப் போகையில் ஆணி, தகரம், சீமெந்து, துணி, மருந்து. லோஞ்ச்காரரிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து இன்னாருக்கு என்று சொன்னால் போதும். முகவரி தேவையில்லை. கூலி கேட்டால், "அங்கால எடுக்கிற ஆள் தருவார்" என்பார். அங்கே எடுக்கிற ஆளிடம், "அங்கால தந்திட்டினம்" என்று சொல்லிவிடுவார். இரண்டு பக்கமும் வாங்காத நாளும் உண்டு, இரண்டு பக்கமும் வாங்கின நாளும் உண்டு என்று ஊரில் ஒரு சிரிப்பு.

அந்தக் கொட்டியாரக் குடாவுக்குத்தான் 1659இல் ஆன் என்ற ஆங்கிலக் கப்பல் வந்தது. மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரம் முறிந்து, புது மரம் வெட்டிப் பூட்ட இங்கே ஒதுங்கினார்கள். ரொபேர்ட் நொக்ஸ் என்ற பொடியனும் தகப்பனும் கண்டி ராசாவின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். தகப்பன் சிறையிருப்பிலேயே செத்தார், மகன் பத்தொன்பது வருடம் கழித்துத் தப்பிப்போய்ப் புத்தகம் எழுதினான். மூதூரார் இன்றைக்கும் நொக்ஸ் இருந்த மரம் என்று ஒன்றைக் காட்டுவார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது அந்தப் பாய்மரம்தான். கப்பலுக்கு ஒரு பாகம் வேண்டும் என்றால் அந்த நாளில் கப்பலே அதைத் தேடிப் போனது.

அந்த நாளில் தரைவழி கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ போவதென்றால் பாதை ஏற வேண்டியிருந்தது. மிதவையில் பஸ்ஸையும் லொறியையும் ஏற்றிக் கயிற்றைப் பிடித்து இழுத்து அக்கரை சேர்ப்பதைத்தான் நாங்கள் பாதை என்போம். மட்டக்களப்புக்குக் கரையோரமாகப் போகிறவனுக்கு ஒன்றல்ல, வழியெல்லாம் பாதை. ஒவ்வொரு பாதையிலும் லொறி காத்து நிற்கிற நேரமும் சாமானின் விலையில் ஏறும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. நாட்டிலேயே நீளமான பாலம் என்று எங்களுக்குச் சந்தோஷம். சவூதி அரேபியாவின் கடனுதவியில் கட்டியது. அதற்குப் பிறகு கிண்ணியாவுக்கு லொறிக்கூலி குறைந்தது என்று சத்தியமாகச் சொல்லலாம். காசு கூடினதை மட்டும் சொல்லி, குறைந்ததை மறைக்கக் கூடாது.

யுத்த காலத்தில் கூலி என்பது வேறு பொருள். மின்கலம் இருந்தால் பாசல் நிற்கும். இரும்புக் குழாய் இருந்தால் ஆளும் நிற்பான். தபாற்கந்தோரில் கட்டிக் கொண்டுபோன பாசலைச் சோதனைச் சாவடியில் அவிழ்ப்பார்கள். அவிழ்த்ததைக் கட்டிக் கொடுக்கமாட்டார்கள். இதனால் எங்கள் ஊரில் பொட்டலத்தோடு சணல் நூல் இன்னொரு முழம் கொண்டுபோகிற பழக்கம் வந்தது. 2006 ஓகஸ்ட்டில் முகமாலையில் ஏ9 வீதி மூடியபிறகு யாழ்ப்பாணத்துக்கு ஆளும் சாமானும் திருகோணமலையால் கப்பலில் போனதைக் கண்டவர்கள் நாங்கள். காங்கேசன்துறைக்குக் கப்பல் எப்போது வெளிக்கிடும் என்று நாட்கணக்காக லொட்ஜுகளில் காத்துக்கிடந்தார்கள். ஒரு கிழவர் கடையொன்றின் முன்னால் நின்று சைக்கிள் டியூப் வாங்கிக்கொண்டிருந்தார். எதற்கு ஐயா இவ்வளவு என்று கேட்டேன். "தம்பி, அங்க இதின்ர விலையைச் சொன்னா நீர் நம்பமாட்டீர்" என்றார். யாழ்ப்பாணத்தில் அந்த மாதங்களில் விலைவாசி இரண்டு மடங்கு மூன்று மடங்கு என்று ஏறியதைப் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். அந்த ஒரு காலத்தில்தான் எங்கள் துறைமுகம் தமிழ்ச் சனத்தின் சாமானை ஏற்றி இறக்கியது. அப்படி ஒரு காலம் வந்துதான் அது நடக்கவேண்டியிருந்தது.

சுனாமிக்குப் பிறகு ஆயுதம் இலவசமாக வந்ததையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பச்சைப் பெட்டியில் சுத்தியல், வாள், குறடு, திருப்புளி. முதல் மாரிக்கே துருப்பிடித்தன. கொடுத்தவர்களின் மனம் பெரியது, இரும்பு மலிவானது.

துறைமுகம் எங்களுக்கு ஏன் உதவவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு, அது எங்கள் அரசியல்வாதிகளைவிடப் பழையது. 1956 ஏப்ரலில் மல்கம் மக்லீன் என்ற அமெரிக்க லொறி முதலாளி, ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுதான் கொள்கலன் யுகத்தின் தொடக்கம். அதற்கு முன்னால் கப்பலில் சாக்கு, பெட்டி, பீப்பா என்று தனித்தனியாக ஏற்றி இறக்குவார்கள். எங்கள் துறைமுகத்தில் கப்பல் நடுவில் நங்கூரம் போட்டு நிற்க, வத்தையில் தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுபோய் ஏற்றியதைப் பார்த்தவன் நான். அந்த முறைக்கு எங்கள் துறைமுகம் போதும், பாரந்தூக்கியும் நாலு ஆட்களும் போதும். கொள்கலனுக்கு அது போதாது. ராட்சதப் பாரந்தூக்கி, பரந்த முற்றம், நாள் தவறாமல் வருகிற கப்பல் வேண்டும். அவற்றையெல்லாம் ஒரே இடத்தில்தான் வைப்பார்கள். எண்பதுகளில் கொழும்பில் ஜய கொள்கலன் முனையம் எழுந்தது. அதன்பிறகு நாட்டின் சில்லறைச் சாமான் முழுவதும் அந்த ஒரு வாசலால்தான் நுழைகிறது. எங்களுக்கு மிஞ்சியது மொத்தமாகக் கொட்டுகிற கோதுமையும் எண்ணெயும்.

கொள்கலன் வந்து கடற்கூலி அடியோடு மலிந்தது என்பது உண்மை. ஷங்காயிலிருந்து கொழும்புக்கு ஓர் உளி வரக் கடலில் ஆகிற செலவு சில்லறைக் காசு. கொழும்பிலிருந்து கிண்ணியாவுக்கு அதே உளி வருகிற செலவுதான் நானாவைத் தலையில் கைவைக்கச் செய்தது. ஆயிரக்கணக்கான மைல் கடலைவிட இருநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் தார்வீதி கூடுதல் விலை.

இடையில் ஒரு பொற்காலமும் வந்து போனது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் சீனாவிலிருந்து ஒரு டொலர், ஒன்றரை டொலர் சாமானை வீட்டுக்கே இலவசமாக அனுப்பினார்கள். துளையிடும் அலகு, சின்ன அரம், அளவுநாடா எல்லாம் மஞ்சள் உறையில், தபால்காரர் சைக்கிளில் கொண்டுவந்து வாசலில் மணியடிப்பார். சுங்கம் இல்லை, கூலி இல்லை. எப்படி முடிகிறது என்று நான் வியந்ததுண்டு. சர்வதேசத் தபால் ஒன்றியத்தின் பழைய ஒழுங்கில் சீனாவும் வளர்முக நாடு. அதன் சிறு பொதிகளை மற்ற நாட்டுத் தபாற்காரர் மிகக் குறைந்த கட்டணத்துக்கு வீடு சேர்க்க வேண்டியிருந்தது. எங்கள் வாசலுக்கு வந்த அந்த மஞ்சள் உறையில் ஒரு பங்கு கூலியை உலகத்துத் தபாற்கந்தோர்கள் சுமந்துகொண்டிருந்தன. அமெரிக்கா சண்டை பிடித்து, 2019 செப்டெம்பரில் ஜெனீவாவில் கூடி அந்த ஒழுங்கை மாற்றினார்கள். அதே அமெரிக்கா 2007இலேயே தன் கடல்வழி வெளிநாட்டுத் தபாலை நிறுத்திவிட்டது. அதுவரை மலிவான விலையில் கப்பலேறிவந்த புத்தகப் பொதிக்கும் ஆயுதப் பொதிக்கும் அதன்பிறகு விமானம்தான் வழி. அப்பாவின் கித்தான் பாசல் வந்த வழி இப்படி ஒவ்வொரு நாடாக மூடிக்கொண்டு வந்தது.

பிறகு 2020. தபால் விமானங்கள் நின்றன. ஷங்காயிலிருந்து ரொட்டர்டாமுக்கு 2,000 டொலருக்குக் குறைவாகப் போன நாற்பது அடிப் பெட்டிக்கு 2021இல் 14,000 டொலருக்கு மேல் கேட்டார்கள். எங்களுக்கு அதற்குமேல் ஒரு சொந்த அழிவும் காத்திருந்தது. 2022 ஜனவரியில் டீசல் லீற்றர் 121 ரூபாய். ஜூன் 26ஆம் திகதி 460. டொலர் இருநூற்றிலிருந்து முந்நூற்றறுபதைத் தொட்டது. அந்த ஓகஸ்ட்டில் சாதாரணக் கடிதத்துக்கு முத்திரை 15 ரூபாயிலிருந்து 50 ஆனது. பிரித்தானியர் கட்டிவைத்த எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூற்றுச் சொச்சம் எங்கள் மேட்டில் நிற்கின்றன. அதற்குக் கீழே வீதியில் டீசலுக்கு லொறிகள் வரிசையில் நின்றன. லொறிக்காரர் அன்று ஏற்றிய கூலியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. டீசல் இறங்கியபிறகும் கூலி இறங்காததைத்தான் சொல்கிறேன். ஏறும்போது எல்லாக் கணக்கும் காட்டுகிறார்கள். இறங்கும்போது கணக்குக் கொப்பி காணாமற் போகிறது.

இது வருகிற சாமானின் கதை. போகிற சாமானுக்கும் ஒரு கதை உண்டு.

தங்கச்சியின் மகன் ரொறன்ரோவில் கணினி வேலை. அவனுக்குத் தச்சு வேலையில் ஆசை பிடித்து, வீட்டுக் கராஜில் மேசை செய்கிறானாம். தாத்தாவின் நீளச் சீவுளியும் வாளும் வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டான். எனக்கு உள்ளூரப் பெருமை. எண்ணெய் பூசித் துடைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்துக் கூரியர் கந்தோர் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். தராசில் வைத்தார்கள். மூன்றரைக் கிலோ. அப்பாடா என்றிருந்தது. அங்கே நின்ற பிள்ளை அளவுநாடாவை எடுத்துப் பெட்டியை அளந்தாள். நீளம் 80 சென்ரிமீற்றர், அகலம் 25, உயரம் 15. கணிப்பானில் பெருக்கி 5,000ஆல் பிரித்தாள். "ஐயா, ஆறு கிலோவுக்குத்தான் கட்ட வேணும்."

"தராசு மூண்டரை எண்டல்லோ காட்டுது பிள்ளை?"

"அது பாரம் ஐயா. இது இடம். பிளேனில இடத்துக்கும் காசு."

அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்ன தொகைக்கு ரொறன்ரோவில் புதிய சீவுளி ஒன்று வாங்கி, மிச்சத்துக்கு மரமும் வாங்கலாம். பெட்டிக்குள்ளே வாளுக்கும் சீவுளிக்கும் நடுவில் இருந்த வெறுங்காற்றுக்கு நான் கனடாவரை கூலி கட்டவேண்டுமாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாங்கள் கடைசியில் நம்புவது போகிற ஆளைத்தான். எந்த ஊர்த் தமிழனும் வெளிநாடு வெளிக்கிடுகிறான் என்றால் ஒருவாரத்துக்கு முன்னமே வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். ஒருவர் கையில் மிளகாய்த்தூள், ஒருவர் கையில் கருவாடு, இன்னொருவர் கையில் பேத்திக்குப் பட்டுப்பாவாடை. 23 கிலோப் பெட்டியில் சொந்தச் சட்டைக்கு இடம் இல்லாமல் போனவர்களை எனக்குத் தெரியும். அடுத்த தெருவில் ஓர் அம்மா மகளின் பிள்ளைப்பேறுக்குக் கனடா போனா. சீவுளியைத் தன் சேலைக்குள் சுற்றிக் கொண்டுபோனா, கூலி என்ன என்று கேட்டதற்கு என்னைக் கோபமாகப் பார்த்தா. வாள் பெட்டிக்குள் அடங்கவில்லை. அது இன்னும் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

எனக்கு இரண்டு விஷயம் நடக்கவேண்டும் என்று ஆசை. முதலாவது, ரயில். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு இரவு மெயில் இன்னும் ஓடுகிறது. லொறி ஒவ்வொன்றும் தனித்தனியாக டீசல் குடித்துக்கொண்டு வருகிற அதே வழியில் ஒரு ரயில் வெறுமையான பெட்டியோடு வருவதில் என்ன நியாயம்? பாசல் சேவையை இணையக் கடைக்காரர்களோடு இணைத்து, நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஒரு முச்சக்கர வண்டியை விட்டால் கூலி பாதியாகும் என்பது என் கணிப்பு. ரயில்வே பெரியவர்கள் யாராவது இதை வாசித்தால் கணக்குப் பார்த்துச் சொல்லட்டும். துறைமுகத்தைப் பற்றி நான் இனிக் கேட்பதாயில்லை. அதைக் கேட்கிற நாடுகள் வேறு, அவற்றின் வாய் பெரியது.

இரண்டாவது, உங்களிடம். உங்கள் வீட்டுக் கோடிப்புறத்தில், கட்டிலுக்குக் கீழே, பரணில் அப்பாவினதோ மாமாவினதோ ஆயுதப்பெட்டி ஒன்று கிடக்கும். வைஸ், உளி, துறப்பணம், வாய்ச்சி. பழைய இரும்புக்காரன் கிலோக்கணக்கில் எடுத்துக்கொண்டு போகிறான். கொடுக்காதீர்கள். துருவைத் தட்டிச் சாணைபிடித்தால் அவை இன்னும் இரண்டு தலைமுறைக்கு ஓடும். உங்கள் தெருவில் தொழிற்பயிற்சிக்குப் போகிற பொடியன் ஒருவன் இருப்பான், பெட்டையாகவும் இருக்கலாம், உளி ஒன்றுக்கு இரண்டு விலை கட்டமுடியாமல் நிற்கிற பிள்ளை. கூப்பிட்டுக் கையில் கொடுங்கள். அடுத்த வீட்டுக்குக் கூலி இல்லை.